இடிதாங்கியின் படத்திறப்பு

எழுத்தாளர் இடிதாங்கி செத்துப்போனது இலக்கியப் பேரவையின் இரண்டாம் மாடியில், மின்விசிறி ஓடாத ஓர் அறையில், ஆசிரியரம்மாவின் வாயால். அதுவரை அவருக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. அன்று காலையிலும் ஆசிரியரம்மாவோடு பஸ்ஸில் வந்தவர்தான். தனி டிக்கெட் வாங்கவில்லை, அவ்வளவே.

ஏனென்றால் இடிதாங்கி என்பது ஆசிரியரம்மாவேதான். இதைக் கதையின் கடைசியில் சொல்லி உங்களை அசத்தலாமா என்று ஒரு சபலம் வந்தது. வேண்டாம். பேரவைக்காரர்களைத் தவிர வேறு யாரையும் முட்டாளாக்கும் எண்ணம் இந்தக் கதைக்கு இல்லை.

ஆசிரியரம்மா ஒரு வாரப் பத்திரிகையை முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தியவர். நடத்தினார் என்றால் எழுதினார் என்று அர்த்தம். பத்திரிகையில் நிறையப் பேர் எழுதுவதுபோலத் தெரியவேண்டும் என்பது முதலாளியின் ஆசை. நிறையப் பேருக்குச் சம்பளம் கொடுப்பதில் மட்டும் அவருக்கு உடன்பாடில்லை. ஆகவே சமையல் பக்கத்தில் ஆசிரியரம்மா 'அடுப்படி அத்தை'. துப்பறியும் தொடரில் 'கறுப்புக் கண்ணாடி'. குழந்தைகள் பக்கத்தில் 'யானை மாமா'. மருத்துவக் கேள்வி பதிலில் 'டாக்டர் சித்தப்பா'. அந்தப் பதில்களை வீட்டில் அவருடைய கணவர் சரிபார்ப்பார். கணவர் பல் டாக்டர். அதனால் வாசகர் முழங்கால் வலிக்கு எழுதிக் கேட்டாலும், கடைசி வரியில் இரண்டு வேளை பல் துலக்கச் சொல்லப்பட்டது. ஒருமுறை அச்சகத்தில் பக்கங்கள் கலந்துபோய், கறுப்புக் கண்ணாடியின் கொலைகாரன் பிணத்தை மெல்லிய தீயில் பொன்னிறமாக வதக்கியதாக வந்துவிட்டது. தொடர் இப்போதுதான் சூடுபிடிக்கிறது என்று வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள்.

இத்தனைக்கும் நடுவே சொந்தப் பெயரில் அவருக்கு மிஞ்சியது 'கறை போக்கலாம்' என்ற பகுதி மட்டும்தான். அந்தக் குறிப்புகள் எல்லாம் அவருடைய அக்காவுடையவை. அக்கா ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். அப்பா அம்மா இல்லாத வீட்டில், நீராவியில் கையை வேகவைத்துத் தங்கையைப் படிக்கவைத்தவர். மைக்கறைக்குப் பால், எண்ணெய்க் கறைக்குச் சுண்ணாம்புத் தூள், ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர், வெந்நீர் பட்டால் அது சாகிறவரை போகாது என்று துணியை உதறிக்கொண்டே சொல்லிக்கொடுப்பார். தங்கை வேலைக்குப் போன வருஷமே அக்கா நெஞ்சில் சளி கட்டிப் போய்ச்சேர்ந்தார். உட்கார்ந்து சாப்பிடவேண்டிய நேரத்தில் போய்விட்டாளே என்று ஆசிரியரம்மா இன்றைக்கும் ஆற்றமாட்டாமல் சொல்வார்.

அந்த அக்காவை வைத்து அவர் எழுதிய நாவல்தான் 'நீராவி அறை'. யாரும் கேட்காமல், எந்தப் பக்கத்தையும் நிரப்புவதற்காக இல்லாமல், அவர் எழுதிய ஒரே புத்தகம். படித்துவிட்டு முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிரமாதம்மா. ஆனா உன் பேரு வேணாம்."

"ஏன் சார்?"

"கறை எப்படிப் போக்கறதுன்னு சொல்ற பொம்பளை இப்படி மனசைப் பிசைஞ்சா யாரு நம்புவா? கனமா ஒரு ஆம்பளைப் பேரு வை."

ஆசிரியரம்மா எரிச்சலோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிர்க் கட்டடத்தின் உச்சியில் இடிதாங்கி நின்றுகொண்டிருந்தது. அப்படிப் பிறந்தவர்தான் அந்த மாபெரும் எழுத்தாளர். முதல் பக்கத்தில் 'அக்காவுக்கு' என்று இருந்த ஒற்றை வரியையும் முதலாளி அடித்துவிட்டார். கனமான ஆம்பளைக்கு அக்கா இருந்தால் கனம் குறைந்துவிடுமாம்.

அந்தக் காலத்தில் பேரவைத் தலைவர் இன்னும் தலைவராகவில்லை. வெறும் விமர்சகராக ஊரை வருத்திக்கொண்டிருந்தார். அவர் ஆசிரியரம்மாவின் பத்திரிகையிலேயே, ஒரே இதழில் இரண்டு புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதினார். புத்தகமாக வந்த 'கறை போக்கலாம்' பகுதியைப் பற்றி, இதை எழுதிய அம்மையார் கரண்டியையும் பேனாவையும் தயவுசெய்து குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று எழுதினார். 'நீராவி அறை'யைப் பற்றி, ஓர் ஆண்மகனின் ஆன்மா வியர்க்கும் ஓசை கேட்கிறது என்று எழுதினார். இதில் கொடுமை என்னவென்றால், அவர் அனுப்பிய கட்டுரையில் அந்தத் திட்டுகூட ஒழுங்காக இல்லை. தலைவருடைய வாக்கியம் ஓர் ஊரில் ஏறி, வேறு ஊரில் இறங்கி, மூட்டையை மூன்றாவது ஊரில் தொலைத்துவிடும். தன்னைத் திட்டிய வாக்கியம் சரியாகத் திட்டவில்லை என்று கண்ட ஆசிரியரம்மா, அதை வெட்டி ஒட்டி, நறுக்கென்று தைக்கும்படி செய்து அச்சுக்கு அனுப்பினார். பிறகு வருஷக்கணக்காக அவருடைய எல்லாக் கட்டுரைகளையும் அப்படியே தேய்த்து வெளுத்து மடித்துக் கொடுத்தார். அந்தக் கட்டுரைகளைக் காட்டித்தான் அவர் பேரவைத் தலைவரானார்.

ஆசிரியரம்மா ஓய்வுபெற்ற பிறகு பேரவை 'நிலைநூல் வரிசை' என்று ஒன்றைத் தொடங்கியது. அதில் ஏறிய புத்தகம் பேரவை இருக்கும்வரை அச்சில் இருக்கும். பேரவை ஒழிவதற்கான அறிகுறி எதுவும் தென்படாததால் இது பெரிய சமாசாரம். முதல் புத்தகம் 'நீராவி அறை' என்று செய்தி வந்தது. முதலாளி செத்துப்போயிருந்தார், மூலப்பிரதியை அவர் என்றைக்கோ பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருந்தார்.

"அட்டையில என் பேரு வரணும். உள்ள அக்காவுக்குன்னு ஒரு வரி வரணும். வேற ஒரு மண்ணும் எனக்கு வேணாம்" என்றார் ஆசிரியரம்மா.

"இதுக்கென்ன, போய்ச் சொன்னா போட்டுடப் போறாங்க" என்றார் பல் டாக்டர். பாவம், அவர் வாழ்நாளில் எந்தப் பேரவைக்குள்ளும் கால் வைத்ததில்லை.

இருவரும் போனார்கள். பேரவையில் முதலில் தலைவருடைய நாற்காலி வரும். அதை உருட்டிவர ஓர் ஊழியர் உண்டு. நாற்காலி வரும்போது எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும். பிறகு தலைவர் வருவார், மறுபடி எழவேண்டும். அப்புறம் சென்ற கூட்டத்துக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம். அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம். ஆசிரியரம்மா எழுந்து உட்கார்ந்து எழுந்து, தான் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிடும் நிலைக்கு வந்துவிட்டார்.

"அம்மா, உங்க மேல எனக்கு நிறைய மரியாதை உண்டு" என்றார் தலைவர். "எங்க வீட்டு மேசைவிரிப்பு உங்களாலதான் வெளுத்துச்சு. ஆனா இடிதாங்கியார் நீங்கன்னு சொல்றீங்களே, அதைத்தான் ஜீரணிக்க முடியலை."

"முடியாட்டி மாத்திரை போட்டுக்குங்க. எழுதினது நான்தான்."

பேராசிரியர் ஒருவர் தொண்டையைச் செருமினார். பேரவையின் நடை ஆய்வுக் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. "பேரவை விதிப்படி ஒரு எழுத்தாளருக்கு ஒரு துறைதான். நீங்க சமையல், கொலை, யானை, வயித்துவலின்னு எல்லாத்துலயும் இருக்கீங்க. எல்லாம் எழுதறவங்க எதையும் எழுதினதா எடுத்துக்க முடியாது. அதோட, 'அவள் நீராவியைக் கிழித்துக்கொண்டு நடந்தாள்'னு ஒரு வரி வருது. கிழிக்கறதுங்கறது ஆண்மையான வினை. நீங்க துணியைத் தைக்கத்தான் சொல்லியிருக்கீங்க, கிழிக்கச் சொன்னதே இல்லை. ஆராய்ச்சி பண்ணிட்டோம்."

"இவ எழுதறதை நான் கண்ணால பாத்தேன் சார்" என்றார் பல் டாக்டர்.

"நீங்க பல் டாக்டர். வாயைப் பத்திச் சொல்லுங்க, கேட்டுக்கறோம். கையைப் பத்திச் சாட்சி சொல்ல உங்களுக்குத் தகுதி இல்லை."

தலைவர் கையை உயர்த்தினார். அறை அடங்கியது. "இவ்வளவு தூரம் போவானேன்? இடிதாங்கியாரை எனக்கு நேர்ல தெரியும். ரொம்ப வருஷப் பழக்கம். என் தோள்ல சாஞ்சு அழுதிருக்கார்."

ஆசிரியரம்மா அந்தத் தோளைப் பார்த்தார். பொடுகு கொட்டிக் கிடந்தது. அவர் சொன்ன தோரணையில் ஒரு கணம் ஆசிரியரம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்படி ஒரு மனுஷன் எங்கேயாவது இருந்து, தனக்குத்தான் தெரியாமல் போய்விட்டதோ என்று.

"அதனால முடிவு இதுதான்" என்றார் தலைவர். "இடிதாங்கியார் நேர்ல வந்து, 'இந்தம்மாதான் நான்'னு எங்க முன்னாடி சொல்லட்டும். பேரவை பரிசீலிக்கும்."

"அவரால வர முடியாதுங்க."

"ஏன்?"

ஆசிரியரம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "செத்துட்டாரு!"

அப்படித்தான் நடந்தது. கேட்ட மறுநொடி தலைவர் மேசைமேல் கவிழ்ந்தார். "ஐயோ, நேத்துகூடப் பேசினாரே!" என்று ஒரு கேவல். செயலாளர் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள்.

"இல்லீங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"மௌன அஞ்சலிம்மா, பேசாதீங்க" என்று செயலாளர் பல்லைக் கடித்தார். ஆசிரியரம்மா தன்னுடைய சாவுக்குத் தானே தலைகுனிந்து நின்றார். பக்கத்தில் பல் டாக்டரும் நின்றார். அவருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

மறுநாள் ஆசிரியரம்மா பேரவைக்குப் போன் செய்தார். கோபத்தில் சொன்னது, அப்படி ஒருத்தர் இல்லவே இல்லை என்றார். "நெருங்கினவங்க போனா இப்படித்தாம்மா, நம்பவே மனசு வராது" என்று செயலாளர் ஆறுதல் சொல்லி வைத்துவிட்டார்.

பேரவை அவசரமாகக் கூடி மூன்று தீர்மானங்களைப் போட்டது. எல்லாம் தலைவர் கைப்பட எழுதியவை. இடிதாங்கியாருக்கு இரங்கல் கூட்டமும் படத்திறப்பும் நடத்தவேண்டும் என்பது முதலாவது. பேரவை மண்டபத்தில் திறக்கப்படும் படத்தில் உள்ளவர் எவரோ அவரே 'நீராவி அறை'யின் ஆசிரியர், அவர் பெயரே அட்டையில் வரும், வேறு யாரும் எக்காலத்திலும் உரிமை கொண்டாட முடியாது என்பது இரண்டாவது. கறை போக்கும் அம்மையாரின் வாயை அடைக்கத்தான் இது. ஆண்டுதோறும் நினைவு நாளில் இடிதாங்கியாரின் நெருங்கிய நண்பரான தலைவரே சொற்பொழிவாற்றவேண்டும், முன்பு சொன்ன சம்பவத்தைத் திரும்பச் சொல்லாமல் ஒவ்வோர் ஆண்டும் புதிய நினைவுகளைப் பகிரவேண்டும் என்பது மூன்றாவது. தலைவர் தனக்குத் தானே வாங்கிக்கொண்ட ஆயுள்கால மேடை அது.

இதுவரைக்கும்கூட ஆசிரியரம்மா பொறுத்திருப்பார். எழுத்துக்காரி, பேர் போவது பழகிப்போனவர். ஆனால் ஒரு காலையில் பேப்பரில் தலைவருடைய கட்டுரை வந்தது. தலைப்பு, 'என் இடியே, என் தாங்கியே'. அதில் இப்படி இருந்தது: 'நாவலில் வரும் அந்தச் சலவைக்காரியைப் பற்றி ஒருநாள் அவரிடம் கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தார். அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை ஐயா, எல்லாம் என் கற்பனை என்றார்.'

ஆசிரியரம்மா டீயை அப்படியே வைத்துவிட்டார்.

"படிச்சீங்களா? எங்க அக்கா இருந்ததே இல்லையாம்."

பல் டாக்டர் படித்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பும் போய்விட்டது. "உங்கக்கா துவைச்ச சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் நான் உன்னைப் பொண்ணு கேட்டு வந்தேன்" என்றார்.

"என் பேரை எடுத்துக்கிட்டான், போகட்டும்னு விட்டேன். எங்க அக்காவை இல்லைன்னு சொல்ல இவன் யாரு? வாழ்நாள் பூரா வெந்தவளைப் போய்க் கற்பனைங்கறான். இவனை விடமாட்டேங்க. ஊர் பாக்க அழவைக்கணும்."

"மயக்க ஊசி போடாமயா?"

"போடாமத்தான்."

கடவுள் இருக்கிறார் என்று சில சமயம் நம்பத்தான் வேண்டியிருக்கிறது. அன்று சாயங்காலமே பேரவைச் செயலாளர் வாசலில் வந்து நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"அம்மா, ஒரு சின்ன உதவி. படத்திறப்புக்கு எல்லாம் ரெடி. திரை ரெடி, கயிறு ரெடி. படம் மட்டும்தான் இல்லை. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் அவர் உயிர் நண்பர்தான், ஆனா யார்கிட்டயும் போட்டோ இல்லையாம். உங்க பத்திரிகையில இருக்குமே?"

"இருக்கு" என்றார் ஆசிரியரம்மா, கண் இமைக்காமல். "ஒரே ஒரு படம் இருக்கு. பெரிசாக்கி, சட்டம் போட்டு, நானே அனுப்பறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"ரொம்ப நன்றிம்மா. அப்புறம் கூட்டத்துல நன்றியுரை நீங்கதான். ரெண்டு நிமிஷம். பழைய ஆசிரியர்ங்கற முறையில."

"கரும்பு தின்னக் கூலியா, வர்றேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

படம் பல் டாக்டர் எடுத்தது. பழைய அலுவலக மேசை, மேலே காகிதக் குவியல், நடுவில் ஆசிரியரம்மா. மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி, வாயில் கடித்த நீலப் பென்சில், கன்னத்தில் ஒரு மைக்கறை. 'நீராவி அறை'யின் கடைசி வரியை எழுதி முடித்த மத்தியானம் எடுத்தது. பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கட்டி, பேரவைக்கு அனுப்பிவைத்தார்கள்.

பேரவையில் அதை யாரும் பிரிக்கவில்லை. பிரித்துப் பார்க்கிறவன் இடிதாங்கியாரை முன்பின் பார்க்காதவன் என்று ஆகிவிடுமே! செயலாளர் மட்டும் ஒரு மரியாதைக்குத் தலைவரிடம் கேட்டார். "ஐயா, ஒரு தடவை பாத்துடறீங்களா?" தலைவர் நெஞ்சைத் தொட்டுக்காட்டினார். "அந்த முகம் இங்க இருக்கு. எனக்கு எதுக்குப் படம்?" ஆக, காகிதத்தைப் பிரித்து மாட்டிய ஊழியர் மட்டும்தான் பார்த்தார். அவர் நாற்காலி உருட்டுகிறவர். அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, அவரும் சொல்லவில்லை.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. பத்திரிகைக்காரர்களும் கேமராக்காரர்களும் நின்றார்கள். ஆசிரியரம்மாவின் பழைய பத்திரிகையிலிருந்து, அவருக்குப் பின் அங்கே ஆசிரியராகிவிட்ட அவருடைய முன்னாள் உதவியாளர், பேச்சையெல்லாம் பதிவுசெய்யும் கருவியோடு வந்திருந்தார். முதல் வரிசையில் ஆசிரியரம்மாவும் பல் டாக்டரும். மேடையில் கறுப்புத் திரை.

பேராசிரியர் தொடங்கினார். "ஆறடிக்கு மேல் உயரம்! என் வீட்டு வாசலில் குனிந்துதான் நுழைவார். அவருடைய முறுக்கிய மீசையின் நுனியில் நான் பலமுறை மையைக் கண்டிருக்கிறேன். 'கிழிக்கிறேன் பேராசிரியரே, கிழிக்கிறேன்' என்பார்."

அடுத்து ஒரு கவிஞர். இவர் எழுதிய கவிதைகளைவிட வாங்கிய விருதுகள் அதிகம். "என் குள்ள நண்பனே!" என்று வானத்தைப் பார்த்துக் கூவினார். "தாடிக்குள் முகத்தை ஒளித்தவனே! ஒரு மழைநாளில் என் கவிதைத் தொகுப்பைப் படித்துவிட்டு, 'இனி நான் எழுதுவதில் அர்த்தமில்லை' என்று பேனாவை உடைக்கப் போனாயே! நான்தானே தடுத்தேன்!"

அவையில் லேசான சலசலப்பு. ஆறடி என்கிறார் ஒருவர், குள்ளன் என்கிறார் ஒருவர். செயலாளர் அவசரமாக எழுந்து, இடிதாங்கியார் தன் வீட்டில் மறந்துவைத்த குடையை உயர்த்திக் காட்டினார். குடையின் பிடியில் விலைச்சீட்டு ஆடியது.

கடைசியில் தலைவர். "சிலர் உயரம் என்றார்கள், சிலர் குள்ளம் என்றார்கள். மாமனிதர்கள் பார்ப்பவரின் உயரத்துக்கு ஏற்பத் தெரிவார்கள்! எனக்கு அவர் என் உயரமே இருந்தார்." பலத்த கைதட்டல். "அவருடைய கடைசி மூச்சு என் உள்ளங்கையில் பட்டது. 'நண்பா, என் நாவலில் பாதி நீ சொன்னது. நீயே முன்னுரை எழுது. நாவலைவிடப் பெரிதாக எழுது' என்றார். நான் மறுத்தேன். அவர் விடவில்லை. அவரும் நானும் வேறல்ல. என் தாயின் முகத்தைக்கூட நான் மறக்கலாம். அந்த முகத்தை மறக்கமாட்டேன். ஆயிரம் பேர் நடுவிலும் இருட்டிலும் அடையாளம் காண்பேன்! தண்ணி குடுங்கப்பா. அந்தச் சலவைக்காரி என்பவள் யார்? யாருமில்லை! எங்கள் இருவரின் கற்பனை!"

பல் டாக்டர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அது கொதித்தது.

செயலாளர் இரண்டாவது தீர்மானத்தை உரக்கப் படித்தார். படத்தில் உள்ளவர் எவரோ அவரே ஆசிரியர். வேறு யாரும் எக்காலத்திலும் உரிமை கொண்டாட முடியாது. படிக்கும்போது முதல் வரிசையை ஒரு வெற்றிப் பார்வை பார்த்துக்கொண்டார். அவை கைதட்டி ஏற்றது. தலைவர் கண்களை மூடி, கயிற்றைப் பிடித்து, பக்தியோடு இழுத்தார். திரை விலகியது.

முதலில் கேமராக்கள் பளிச்சிட்டன. பிறகு அவையிலிருந்து ஒரு மாதிரி சத்தம் வந்தது. தலைவர் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார்.

படத்திலிருந்து ஆசிரியரம்மா பென்சிலைக் கடித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே, முதல் வரிசையிலிருந்தும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவருடைய வாய் திறந்தது, மூடியது, திறந்தது. இவர் யார் என்று கேட்டால், நண்பனைத் தெரியாது என்று ஆகிவிடும். படம் மாறிவிட்டது என்றால், சரியான படத்தைக் கொண்டுவா என்பார்கள். தாயைவிட நன்றாகத் தெரிந்த முகம், இருட்டிலும் அடையாளம் தெரியும் முகம். ஊர் முழுக்கக் கேட்டாயிற்று. கேமராக்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆகா" என்றார் தலைவர், வறண்ட குரலில். "அப்படியே இருக்கார்!"

முதல் வரிசையில் பல் டாக்டர் கைதட்டினார். பேரவையில் ஒருவர் தட்டினால் எல்லோரும் தட்டவேண்டும், தட்டினார்கள். பேராசிரியர், "மீசை மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்து உட்கார்ந்துவிட்டார். கவிஞரைக் காணோம். செயலாளர் குடையை நாற்காலிக்கடியில் தள்ளினார்.

"நன்றியுரை" என்றார் யாரோ.

ஆசிரியரம்மா மேடையேறினார். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார்.

"செத்தவங்க சார்பா எல்லாருக்கும் நன்றி. என் மேல இத்தனை பேரு இவ்வளவு உசிரா இருந்தீங்கன்னு எனக்கே தெரியாது. ஆறடி வளத்தீங்க, தாடி வெச்சீங்க, தோள் குடுத்தீங்க. தீர்மானமும் போட்டுட்டீங்க, இனி நான்தான் ஆசிரியர்னு நீங்களே மாத்த முடியாது. ரொம்ப சந்தோஷம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இன்னொண்ணு. எங்க அக்கா இருந்தா. சலவைக்கூடத்துல நின்னா, கை வெந்து தோலு உரிஞ்சா, என்னைப் படிக்கவெச்சா. அவ கற்பனை இல்லை. இந்த மேடையில பேசின மனுஷங்கதான் கற்பனை." தலைவர் பக்கம் திரும்பினார். "ஐயா, இத்தனை வருஷமா உங்க பேச்சையும் எழுத்தையும் நான் திருத்திக் குடுத்தேன். இனிமே ஒரு எழுத்துகூடத் திருத்த விடமாட்டேன். அதுதான் உங்களுக்கு என் அஞ்சலி."

அந்தக் கடைசி வரியின் பயங்கரம் தலைவருக்கு அப்போது புரியவில்லை. புரிந்தது ஒரே ஒருவருக்குத்தான். பதிவுக் கருவியோடு வந்திருந்த முன்னாள் உதவியாளர் வாசலில் ஓடிவந்து பிடித்தார்.

"அம்மா, சிறப்பிதழ் போடறேன். பேச்சுல எதை வெட்டட்டும்?"

"ஒண்ணையும் வெட்டாதே."

"தலைவர் பேச்சு பாதி புரியவே இல்லைம்மா. கொஞ்சம் சரிபண்ணி..."

"சரிபண்ணாதே. செருமினா செருமல், தண்ணி கேட்டா தண்ணி. வாயிலேருந்து விழுந்தது விழுந்தபடி."

"அம்மா, இது கொலை."

"கறுப்புக் கண்ணாடியும் நான்தானே" என்றார் ஆசிரியரம்மா.

சிறப்பிதழ் வந்தது. அட்டையில் மைக்கறை படிந்த அந்தப் படம். உள்ளே ஆறடி, குள்ளம், தாடி, மீசை, விலைச்சீட்டுக் குடை, கடைசி மூச்சு, தண்ணி குடுங்கப்பா, எல்லாம் வரிசையாக, ஒரு புள்ளியும் மாறாமல். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. தலைவர் ஆத்திரத்தோடு நீளமான மறுப்புக் கடிதம் எழுதினார். அதையும் திருத்தாமல் போட்டார்கள். படித்தவர்களுக்கு, இவர் எதை மறுக்கிறார் என்பதே தெரியவில்லை. இத்தனை காலம் இவருடைய கட்டுரைகளை யார் எழுதினார்கள் என்று அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கு விளக்கம் எழுதினார். அதையும் போட்டார்கள். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு அவர் வீட்டுக்காரர்களே பேனாவை ஒளித்துவைத்துவிட்டதாகக் கேள்வி.

தீர்மானத்தை ரத்துசெய்யப் பேரவை இரண்டு முறை கூடியது. ரத்துசெய்யவேண்டுமானால், படத்தில் இருப்பவர் எங்கள் நண்பர் அல்ல என்று யாராவது எழுந்து சொல்லவேண்டும். யாரும் எழவில்லை. நாற்காலி வந்தபோது மட்டும் எழுந்தார்கள்.

'நீராவி அறை' வந்துவிட்டது. அட்டையில் ஆசிரியரம்மாவின் சொந்தப் பெயர். முன்னுரை இல்லை. முதல் பக்கத்தில் 'அக்காவுக்கு' என்ற ஒரு வரி. முதல் பிரதியை அவர் அந்தப் பழைய சலவைக்கூடம் இருந்த தெருவுக்கு எடுத்துப்போய், இப்போது அங்கே இருக்கும் செருப்புக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று, அழுதுவிட்டு வந்தார்.

கதை இதோடு முடிந்திருக்கும், மூன்றாவது தீர்மானம் மட்டும் இல்லாவிட்டால். ஆண்டுதோறும் இடிதாங்கியின் நினைவு நாளில் தலைவர் பேசியே ஆகவேண்டும். சொன்னதைத் திரும்பச் சொல்லக்கூடாது. உடம்பு சரியில்லை என்று ஒரு வருஷம் சொல்லிப் பார்த்தார். நாற்காலியை வீட்டுக்கே உருட்டிவந்து ஏற்றிக்கொண்டுபோனார்கள். ஆசிரியரம்மா ஒரு வருஷம்கூடத் தவறுவதில்லை. சீக்கிரமே வந்து, படத்துக்கு நேர் கீழே, முதல் வரிசை நடு இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறார். அதே கண்ணாடி, வாயில் அதே நீலப் பென்சில். பல் டாக்டர் பக்கத்தில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கிறார்.

தலைவர் மைக்கைப் பிடிக்கிறார். மேலே ஒரு முகம், கீழே ஒரு முகம்.

"அவரும் நானும்..." என்று ஆரம்பிக்கிறார். நிறுத்துகிறார்.

"சொல்லுங்க ஐயா" என்கிறார் ஆசிரியரம்மா, பென்சிலை வாயிலிருந்து எடுத்து, மிகுந்த மரியாதையோடு. "நானும் நீங்களும்... அப்புறம் என்ன பண்ணினோம்?"